சொல்லுக்கே இடமில்லை

அகராதி என்று அவளுக்குப் பெயர் வைத்தது பெற்றவள்தான். பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் வேறு ஒரு பெயர் இருந்தது. வீட்டில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எதைச் சொன்னாலும் 'ஏன்' என்று திருப்பிக் கேட்பாள். பதில் வராவிட்டால் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். அகராதி பிடித்தவள். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆளும் அவள்தான். பட்டத்தை வைத்துக்கொண்டு குடியிருப்பு வாரியத்தின் தலைமை அலுவலகத்தில் என்ன வேலை வாங்கியிருக்கிறாள் என்று தெரிந்ததும் அம்மா சிரித்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சொற்களுக்குப் பட்டியல் போடுகிற வேலை.

"இதுக்குன்னே பொறந்திருக்கே," என்றாள் அம்மா.

வாரியத்தின் இணையதளத்தில் ஏகப்பட்ட பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்தின் நெற்றியிலும் ஒரு சொல்லை ஒட்ட வேண்டும். ஆளாளுக்கு வாய்க்கு வந்த சொல்லைப் போட்டால் ஒரே விஷயம் பத்து இடத்தில் சிதறிக் கிடக்கும் என்பதால், ஒரு விஷயத்துக்கு ஒரு சொல் என்று ஒரு ஏற்புப் பட்டியல் உண்டு. மற்ற சொற்களை 'பார்க்க' என்று போட்டு அந்த ஒரு சொல்லின் பக்கம் திருப்பிவிடுவார்கள். கரண்ட்: மின் இணைப்பு பார்க்க. மாடிப்படி லைட்: பொது விளக்கு பார்க்க. குடியிருக்கிறவர் தேடல் பெட்டியில் எதைத் தட்டினாலும் உரிய பக்கம் திறக்கும், பக்கத்தின் அடியில் புகார்ப் படிவம் இருக்கும். பட்டியலில் இல்லாத சொல்லைத் தட்டினால் 'முடிவுகள் இல்லை' என்று ஒரு வரி வந்து நிற்கும். பிரிவில் அதற்கு வெறுங்கை என்று பெயர். இன்றைக்கு எத்தனை வெறுங்கை, நேற்றைக்கு எத்தனை வெறுங்கை என்றுதான் காலையில் பேச்சே தொடங்கும்.

நியாயமான ஏற்பாடு. அகராதிக்கே பிடித்திருந்தது. உலகத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் உட்கார ஓர் இடம் இருக்கிறது என்பது, ஒரே அறையில் அத்தனை பேரும் அத்தனை சாமானும் நெருக்கியடித்து வளர்ந்த ஒருத்திக்குப் பெரிய ஆறுதல்தானே.

மழை பிடித்த இரண்டாவது வாரம், மதியம், அம்மா ஃபோன் செய்தாள்.

"மேல இருந்து ஒரு பாளம் விழுந்துடுச்சு டி. நல்லவேளை, உங்கப்பா கால் பக்கமா விழுந்துச்சு. தலைப் பக்கம்னா இந்நேரம் நீ லீவு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டிருப்பே."

"அப்பா எப்படி இருக்காரு?"

"எப்படி இருப்பாரு. மேல விழுந்த சுண்ணாம்பத் தட்டிவிட்டுட்டுத் திரும்பிப் படுத்துட்டாரு. வாளி வெச்சிருக்கேன், நிரம்பிட்டே இருக்கு. நீ அந்த ஆபீஸ்லதானே இருக்கே, யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஒரு வார்த்தை சொல்றதுதாம்மா இங்க பெரிய பாடு."

அவர்கள் வீடு வாரியக் குடியிருப்பின் கடைசி மாடி. மூட்டை தூக்கித் தூக்கி முதுகெலும்பு விலகிப்போன அப்பாவுக்குக் கட்டிலை விட்டு எழ ஒருவர் கை கொடுக்க வேண்டும். கட்டில் போட அந்த வீட்டில் ஓரிடம்தான் இருந்தது. அதற்கு நேர் மேலேதான் கூரை ஊறி, உப்பி, உள்ளிருக்கும் கம்பி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அடுத்த பாளம் எங்கே விழும் என்று கூரையைத்தான் கேட்க வேண்டும்.

"புகார் போட்டியாம்மா?"

"பக்கத்து வீட்டுக்காரம்மா ஃபோன்ல போட்டுக் குடுத்தாங்க. ஒழுகுதுன்னு அடிச்சா ஒண்ணுமே இல்லைங்குது. ஒழுகல்னு அடிச்சாலும் இல்லைங்குது. தண்ணி வருதுன்னு அடிச்சோம், உடனே வாங்கிக்கிச்சு."

அகராதி கணினியில் தேடிப் பார்த்தாள். அம்மாவின் புகார் இருந்தது. 'வீட்டுக்குள்ள மேல இருந்து தண்ணி வருது.' தண்ணி என்ற சொல்லைப் பட்டியல் குடிநீர் விநியோகத்தின் பக்கம் திருப்பிவிட்டிருந்தது. அடியில் குடிநீர்ப் பிரிவின் பதில்: 'தண்ணீர் வருவது உறுதி செய்யப்பட்டது. புகார் முடிக்கப்பட்டது. நன்றி.'

அவர்கள் கட்டடத்தின் கடைசி மாடிக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான் போட்டிருந்தார்கள். எல்லோருக்கும் நன்றி சொல்லியிருந்தார்கள். தடையின்றித் தண்ணீர் பெறும் கட்டடம் என்று குடிநீர்ப் பிரிவு தன் அறிக்கையில் அந்தக் கட்டடத்தை முதலாவதாகப் போட்டு, பாராட்டு நோட்டீஸ் ஒன்றையும் கீழே மாடிப்படியில் ஒட்டிவிட்டுப் போயிருந்தது. அது ஈரத்தில் ஊறி இரண்டாம் நாளே உரிந்து விழுந்தது என்பது வேறு விஷயம்.

பழுதுபார்க்கும் பிரிவுக்கோ கணக்குத்தான் கண். கட்டடச் சேதம் என்ற தலைப்பின் கீழ் எந்தக் கட்டடத்துக்குப் புகார் அதிகமோ அதற்கு முதலில் ஆள் போகும். அவர்கள் கட்டடத்துக்கு அந்தத் தலைப்பின் கீழ் ஒரு புகாரும் இல்லை. ஆகவே அங்கே ஒன்றும் பழுதில்லை.

அவளுக்கு மண்டைக்குள் சுர்ரென்றது. வெறுங்கைப் பதிவை எடுத்துப் பார்த்தாள். முதல் வரியே ஒழுகுது. அடுத்த வரி ஒழுகல். அதற்கடுத்து கூரை ஒழுகுது, செவுரு ஒழுகுது, மேல ஒழுகுது யாராவது வாங்க. ஊர் முழுக்க இதைத்தான் தட்டிக்கொண்டிருந்தது. ஆண்டுக்கணக்காக.

பக்கத்து மேசையில் இருந்தவரைப் பிரிவில் 'பார்க்கலாம்' என்று கூப்பிடுவார்கள். பட்டியலில் 'பார்க்க' என்று எழுதி எழுதி வயதானவர்; எதைக் கேட்டாலும் பார்க்கலாம் என்பதைத் தவிர வேறு பதில் அவரிடமிருந்து வந்ததில்லை. அவள் மட்டும் அண்ணன் என்று கூப்பிடுவாள்.

"அண்ணே, இத்தனை வருஷமா இது முதல் வரியில நிக்குதே, யாரும் பாக்கலையா?"

"பாத்தேன். முதல் வருஷம் எழுதிப் போட்டேன். குழுவுல வெச்சாங்க. பார்க்கலாம்னாங்க."

"அப்புறம்?"

"அங்கதான் நான் அந்த வார்த்தையக் கத்துக்கிட்டேன்."

பட்டியலில் புதுச்சொல் சேர வேண்டுமானால் சொற்குழுவின் ஒப்புதல் வேண்டும். குழுவுக்குத் தலைமை ஓய்வுபெற்ற ஒரு மொழிப் பேராசிரியர். அவரது தலைமைக்குத் தலைமை, வாரியத்தின் சட்டப் பிரிவிலிருந்து வரும் வக்கீலம்மா. அகராதி வெறுங்கைப் பதிவை அச்செடுத்துக்கொண்டு போய் இருவர் முன்னாலும் வைத்தாள்.

"ஒழுகல்," என்று பேராசிரியர் வாயில் போட்டுச் சுவைத்தார். "நல்ல சொல். சின்ன வயசுல கேட்டது. கொஞ்சம் வீட்டு வாசனை அடிக்குது, அவ்வளவுதான்."

"எங்க வீட்டுல வேற வாசனை அடிக்குது சார். பூஞ்சை வாசனை."

வக்கீலம்மா தாளைத் தொடவில்லை. "இங்க பாரும்மா. நம்ம பட்டியல்ல ஒழுகல்னு ஒரு சொல் இருந்தா, நம்ம கட்டடம் ஒழுகுதுன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி. நாளைக்கு எவனாவது கோர்ட்ல கொண்டுபோய்க் காட்டுவான்."

"தீ விபத்துன்னு ஒரு சொல் பட்டியல்ல இருக்கே மேடம். அதுக்காக நாமதான் கொளுத்தினோம்னு ஆயிடுமா?"

"தீ வெளியில இருந்து வருது."

"மழையும் வெளியில இருந்துதான் மேடம் வருது."

பேராசிரியர் சிரித்தார். பிறகு வக்கீலம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

பிற்பகல் முழுவதும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். விஷயம் ஒன்று இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆகவே அதற்கு ஒரு சொல் வேண்டும். அந்தச் சொல்லைப் படித்தவுடன் யாருக்கும் எதுவும் தோன்றிவிடக் கூடாது. பேராசிரியர் கண்ணை மூடி யோசித்து ஒன்றைச் செய்து கொடுத்தார்: மேல்தள ஈரப்பத நிலை. வக்கீலம்மா அதை இரண்டு முறை படித்துப் பார்த்தார். இரண்டு முறையும் ஒன்றும் தோன்றவில்லை. ஒப்புதல் கிடைத்தது. அதற்கென்று பக்கமும் புகார்ப் படிவமும் கூடத் தயாராகும் என்றார்கள். கட்டடச் சேதத்தின் கீழேயே வரும்.

"சரி சார். இதை யார் தட்டப் போறாங்க? ஒழுகல் பார்க்கன்னு போட்டு இதுக்குத் திருப்பிவிட்டாத்தானே எங்கம்மா மாதிரி ஆளுங்க இங்க வந்து சேருவாங்க?"

"அதுக்கு விதி இருக்கே," என்றார் பேராசிரியர், உண்மையான வருத்தத்தோடு. "பார்க்கன்னு ஒரு சொல்லைச் சேக்கணும்னா, வாரியம் வெளியிட்ட ஏதாவது ஒரு பக்கத்துல அந்தச் சொல் வந்திருக்கணும். மக்கள் வாயில வர்றதெல்லாம் பட்டியலுக்குள்ள வந்துடக் கூடாதில்லையா? ஆதாரம் இருந்தா யார் ஒப்புதலும் வேண்டாம், நீங்களே சேத்துக்கலாம்."

"வாரியப் பக்கத்துல ஒழுகல்னு எழுதணும்னா?"

"பட்டியல்ல இருக்கற சொல்லை வெச்சுத்தான் எழுதணும்," என்றார் வக்கீலம்மா. "கூட்டம் முடிஞ்சுது."

அன்று மாலை பேருந்தில் நின்றுகொண்டு வந்தபோது அவளுக்குக் கோபம் அடங்கவில்லை. அந்த அறையில் இருந்த யாரும் கெட்டவர்கள் அல்லர் என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. அவர்கள் வீட்டில் எது ஒழுகினாலும் அன்றைக்கே ஆள் வந்து அடைத்துவிட்டுப் போவான். அவர்கள் வாழ்நாளில் அந்தச் சொல்லை எங்கேயும் தட்ட வேண்டி வந்ததில்லை. அவள் படித்ததே இந்த மாதிரி அறைக்குள் வந்து உட்காரத்தான். உட்கார்ந்தாயிற்று. கூரை மட்டும் அவள் படிப்பைப் பற்றிக் கேள்விப்படவில்லை.

வீட்டில் அப்பா கட்டிலில் குடையை விரித்துப் பிடித்தபடி படுத்திருந்தார்.

"என்னப்பா இது?"

"சும்மா. ஆகாயத்தப் பாத்துப் படுத்தா ஜாலியா இருக்கு அம்மாடி."

"சிரிக்காதீங்க."

"அழுதா மட்டும் அடைச்சுக்குமா?"

விதியில் ஓர் ஓட்டை இருந்தது. அதை அவள் இரண்டு நாள் கழித்து, அலுவலகக் கழிப்பறைக்குப் போகும் வழியில் கண்டுபிடித்தாள். அந்த வழியில் ஓர் அறை. அதில் உட்கார்ந்திருப்பவருக்கு உரைக்காரர் என்று பெயர். வாரியத் தலைவர் எங்கெல்லாம் பேசுகிறாரோ அங்கெல்லாம் அவர் பேசுவதை இவர்தான் எழுதுவார். தலைவரின் உரை மட்டும் சொற்பட்டியலுக்குக் கட்டுப்பட்டதில்லை. பேசியது பேசியபடியே இணையதளத்தில் ஏறும். அதில் கை வைக்க யாருக்கும் தைரியம் கிடையாது, வக்கீலம்மாவுக்கும்தான்.

உரைக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாரியத்தின் ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது.

"என்ன சார், தலைவலியா?"

"கைத்தட்டல் வலி. போன வருஷம் தலைவர் பேசி முடிச்சதே யாருக்கும் தெரியல. இந்த வருஷம் ரெண்டு இடத்துலயாவது கைத்தட்டல் வரணுங்கறாரு. ஒண்ணு வெச்சுட்டேன். இன்னொண்ணு வர மாட்டேங்குது."

அவள் வாசற்படியிலேயே நின்றுகொண்டு, அப்போதுதான் தோன்றியதுபோல, "நமது கட்டடங்களில் ஒழுகல் என்ற சொல்லுக்கே இடமில்லைன்னு பேசச் சொல்லுங்களேன்," என்றாள்.

உரைக்காரர் நிமிர்ந்தார். உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். கையை ஓங்கி இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒழுகல்... கொஞ்சம் கீழ இருக்கற சொல் இல்ல?"

"கைத்தட்டுறவங்க கீழதானே சார் உக்காந்திருக்காங்க."

அவர் எழுதிக்கொண்டார்.

ஆண்டு விழாவில் தலைவர் அந்த வரியை மேசையைத் தட்டிச் சொன்னார். கைத்தட்டல் விழுந்தது. அது இனித்துப்போய் மறுபடியும் சொன்னார்: ஒழுகல் என்ற சொல்லுக்கே இடமில்லை. பின்வரிசைகளில் உட்கார்ந்திருந்த வாரியக் குடியிருப்புக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இன்னும் ஓங்கித் தட்டினார்கள். அவர்கள் எதற்குத் தட்டினார்கள் என்று தலைவர் கேட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் அந்த வரி அவர் படத்தோடு எல்லாக் கட்டடங்களின் வாசலிலும் ஏறிற்று. உரை இணையதளத்திலும் ஏறிற்று.

அகராதி பட்டியலைத் திறந்தாள். ஒழுகல்: மேல்தள ஈரப்பத நிலை பார்க்க. ஒழுகுது: அதே. கூரை ஒழுகுது: அதே. ஆதாரம் என்ற கட்டத்தில், வாரியத் தலைவரின் ஆண்டு விழா உரை. ஒருவர் சேர்த்ததை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்பது வழக்கம். திரையைப் பக்கத்து மேசையின் பக்கம் திருப்பினாள்.

அண்ணன் கண்ணாடியை மேலே தள்ளிப் படித்தார். ஆதாரக் கட்டத்துக்கு வந்ததும் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தமே வராமல் சிரிக்கிறவர் அவர்.

"மாட்டினா ரெண்டு பேரும் மாட்டுவோம்."

"பார்க்கலாமாண்ணே?"

"பாத்தாச்சு," என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

அதற்குப் பிறகு நடந்ததை வெள்ளம் என்று சொன்னால் மழை கோபித்துக்கொள்ளும். யார் யாருக்கோ ஃபோன் செய்து சொன்னார்கள்: இப்ப அடிச்சுப் பாரு, வாங்குது. கடைசி மாடிகளிலிருந்து புகார் வந்தது. கடைசி மாடி ஊறி அடுத்த மாடிக்கு இறங்கியிருந்த வீடுகளிலிருந்து வந்தது. அவள் அம்மா முதல் ஆளாகப் போட்டுவிட்டு, மாடிப்படி ஏறி இறங்கி அத்தனை கதவையும் தட்டி எல்லோரையும் போட வைத்தாள். அந்த வாரக் கடைசியில் மேல்தள ஈரப்பத நிலையில் ஊரிலேயே முதலிடம் அவர்கள் கட்டடத்துக்கு.

குழு அவசரமாகக் கூடிற்று. இந்த முறை அண்ணனையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

வக்கீலம்மா தாளை எடுத்து வாசித்தார். "இந்தச் சொல் பட்டியலுக்கு வர்றதுக்கு முன்னாடி வாரியத்துல ஒரு ஒழுகல் புகார் கூடக் கிடையாது. வந்த மறுநாள்ல இருந்து கட்டடம் கட்டடமா ஒழுகுது. இதை எப்படி எடுத்துக்கறது?"

கூட்டக் குறிப்பில் அப்படியே ஏறிற்று: சொல் சேர்க்கப்பட்டதன் விளைவாக ஒழுகல் அதிகரித்துள்ளது.

"தலைவர் என்ன சொன்னாரு? அந்தச் சொல்லுக்கே இடமில்லைன்னாரு. ஊர் முழுக்க எழுதி வெச்சிருக்கு. அந்தச் சொல் எங்க இருக்கு? நம்ம பட்டியல்ல இருக்கு. அவருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"அவர் சொன்னதாலதான் மேடம் பட்டியலுக்கே வந்துச்சு," என்றாள் அகராதி. "ஆதாரம் அவரோட உரைதான்."

"தர்க்கப்படி பாத்தா..." என்று தொடங்கினார் பேராசிரியர்.

"தர்க்கம் வேண்டாம் சார்." வக்கீலம்மா ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "முதல் புகார், கடைசி மாடி. இது உன் வீட்டு முகவரிதானே?"

"ஆமா மேடம். வாரிய வீட்டுல இருக்கறவங்க வாரிய ஆபீஸ்ல வேலை பாக்கக் கூடாதுன்னு விதி இருந்தா சொல்லுங்க."

"அப்படி விதி இல்லை."

"சேத்துக்கலாம் மேடம். ஆதாரம் மட்டும் வேணும்."

வக்கீலம்மா அவளை வெட்டிவிடுவதுபோல் பார்த்தார். பிறகு அண்ணனிடம் திரும்பி, "அந்தச் சொல்லை இப்பவே எடுத்துடுங்க," என்றார்.

"எடுக்க வராது மேடம்," என்றார் அண்ணன். "ஒரு சொல் வழியா வந்த புகார் ஒண்ணே ஒண்ணு முடியாம இருந்தாக்கூட மென்பொருள் அந்தச் சொல்ல விடாது. விட்டா புகார் அந்தரத்துல நிக்கும்."

"அப்ப புகாரையெல்லாம் முடிங்க."

"முடிக்கணும்னா பொறியாளர் போய்ச் சரி பண்ணி, குடியிருக்கறவங்க கையெழுத்து வாங்கிட்டு வரணும்."

"போகச் சொல்லுங்க."

"எந்தக் கட்டடத்துக்கு மேடம்?"

"எல்லாத்துக்கும்," என்றார் வக்கீலம்மா. "அடுத்த விழாவுக்குள்ள அந்தச் சொல் பட்டியல்ல இருக்கக் கூடாது."

கூரைக்கு நிதி இல்லை என்று ஆண்டுக்கணக்காகப் பாடிக்கொண்டிருந்த வாரியம், சொல்லை ஒழிக்க வேண்டும் என்றதும் நிதியைத் தோண்டி எடுத்துவிட்டது. தார் பீப்பாய்கள் இணையதள மேம்பாடு என்ற தலைப்பில் வாங்கப்பட்டன. சிமெண்ட் மூட்டைகள் சொற்பட்டியல் சீரமைப்பு என்ற தலைப்பில் வந்து இறங்கின. பழுதுபார்க்கும் பிரிவில் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்த பொறியாளர் ஒருவரை அனுப்பினார்கள். மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறி இறங்கியதில் சட்டை, முழங்கை, காது மடல் எல்லாம் கறுத்து, போகுமிடமெல்லாம் தார் சார் என்று பெயர் வாங்கிவிட்டார். மனிதர் வேலையை மெய்யாகவே நன்றாகச் செய்தார். இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். புகார்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. ஒவ்வொன்றும் முடிய முடிய வக்கீலம்மாவின் முகம் தெளிந்துகொண்டு வந்தது.

கடைசியில் ஒன்று மிச்சம் இருந்தது. அகராதியின் அம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள்.

விடுமுறை நாளன்று தார் சார் மூன்றாம் முறையாக வீட்டுக்கு வந்தபோது அகராதியும் இருந்தாள். கூரையைக் கொத்திப் பூசி, மேலே தார் இழைத்து, எல்லாம் முடிந்திருந்தது. ஆனால் பூசியதிலிருந்து மழை பெய்யவில்லை.

"பெய்யட்டும் சார், பாத்துட்டுப் போடறேன்," என்றாள் அம்மா.

"எப்பம்மா பெய்யறது? சீசன் முடியப் போகுது. அங்க வக்கீலம்மா காலையில ஒரு ஃபோன், ராத்திரி ஒரு ஃபோன்."

"அவங்க கூரையா ஒழுகுது?"

தார் சார் தலையைச் சொறிந்தார். விரல் ஒட்டிக்கொண்டது. "சரிம்மா. மழையை நானே கொண்டு வர்றேன்."

மாடிக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கொரு குடம் தூக்கினார்கள். மொட்டைமாடியின் மூலையில் வரப்புக் கட்டித் தண்ணீரைத் தேக்கினார்கள். மேலே காலடிச் சத்தமும் தண்ணீர் ஊற்றும் சத்தமும் கேட்டன. கீழே அம்மா, கூரையைப் பார்த்து நிமிர்ந்த கழுத்தோடு நின்றாள்.

"நீங்க கொஞ்சம் எந்திரிச்சு இந்தப் பக்கம் வாங்க," என்றாள் அப்பாவிடம்.

"இத்தனை நாள் இதுக்குக் கீழதான் கிடந்தேன். பரீட்சை அன்னிக்கு மட்டும் எந்திரிக்கணுமா? நீ போ அந்தப் பக்கம்."

அகராதி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதுப்பூச்சு வெள்ளையாக இருந்தது. அம்மா கையெழுத்துப் போட்டால் புகார் முடியும். புகார் முடிந்தால் சொல் போகும். அப்புறம் எவளாவது ஒருத்தி, இன்னும் விஷயம் போய்ச் சேராத ஏதோ ஒரு கட்டடத்தில் இருந்துகொண்டு ஒழுகுது என்று தட்டினால் 'முடிவுகள் இல்லை' என்று வரும். பூச்சின் ஓரத்தில் நிழல்போல் ஏதோ தெரிந்தது. ஈரமா? ஈரமாகத்தான் இருக்க வேண்டும். ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு வந்தால் போதும்.

அவள் கண் தானாகக் கீழே இறங்கிற்று. கூரைக்குக் கீழே அப்பா, கையைத் தலைக்கு அடியில் கொடுத்து, வாயைத் திறந்தபடி மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

சீ என்று இருந்தது அவளுக்கு. தன் மேலேயே கோபம் வருவது அவளுக்குப் பழக்கமில்லாதது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது ஓரத்து நிழல் அங்கேயே இருந்தது. நிழல்தான் அது. சன்னல் கம்பியின் நிழல்.

ஒழுகவில்லை. சாயங்காலம் வரை பார்த்தார்கள். ஒழுகவே இல்லை. தார் சார் கீழே வந்து தாளை நீட்டினார். அம்மா பேனாவை வாங்கினாள்.

"ஒரு மழை பாத்துட்டுப் போடேம்மா," என்றாள் அகராதி. குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது.

அம்மா அவளை ஒருமாதிரி பார்த்தாள். "ஒழுகலையே டி. ஒழுகினா ஒழுகுதுங்கணும், ஒழுகலைன்னா ஒழுகலைங்கணும். உன் ஆபீஸ்காரங்க மாதிரி என்னையும் பேசச் சொல்றியா?"

கையெழுத்துப் போட்டாள். தார் சார் அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கிக்கொண்டு போனார். கையெழுத்தின் பக்கத்தில் அவர் கட்டைவிரல் கறுப்பாக விழுந்திருந்தது.

மறுநாள் காலையில் அவள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே வக்கீலம்மா வந்து பின்னால் நின்றுகொண்டார். பேராசிரியரும் வந்திருந்தார், ஒரு சொல் போவதை நேரில் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசையோ, மரியாதையோ. அகராதி அம்மாவின் புகாரைத் திறந்து, முடிந்தது என்று போட்டாள். பட்டியலுக்குப் போனாள். ஒழுகல், கூடவே ஒழுகுது வகையறா எல்லாம். நீக்கு. பொத்தானை அழுத்தினாள்.

திரை கொஞ்சம் யோசித்தது. 'நீக்க இயலாது. முடியாத புகார்: ஒன்று.'

"என்ன இது? அதான் உங்கம்மா கையெழுத்துப் போட்டாச்சே."

"எங்க வீடு இல்ல மேடம். இது புதுசு. இப்பத்தான் வந்திருக்கு."

"யாரு?"

அவள் திறந்து பார்த்தாள். தெரியாத கட்டடம், தெரியாத முகவரி. தேடிய சொல் என்ற கட்டத்தில், ஒழுகுதுங்க யாராச்சும் இருக்கீங்களா.

பேராசிரியர் குனிந்து அதைப் படித்தார். மறுபடியும் படித்தார். வழக்கம்போல் வாயில் போட்டுச் சுவைக்கவில்லை.

"இதை முடிச்சுட்டா?" என்றார் வக்கீலம்மா. குரலில் பழைய கறார் இல்லை.

"முடிச்சுட்டா எடுத்துடலாம் மேடம்," என்றார் பக்கத்து மேசையிலிருந்து அண்ணன். "அதுக்குள்ள இன்னொண்ணு வராம இருக்கணும்."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒன்று என்பது இரண்டாயிற்று.

வக்கீலம்மா பக்கத்தில் இருந்த காலி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அகராதி ஃபோனை எடுத்துத் தார் சாரின் எண்ணைப் போட்டாள்.

"சார், எந்திரிச்சுட்டீங்களா? பீப்பாய் மிச்சம் இருக்கா?"